பத்து நாள் ஊழியர்

2023-ஆம் ஆண்டு ஐப்பசி மாதம். மழை விட்டும் விடாமலும் தூறிக்கொண்டிருந்த ஒரு வெள்ளிக்கிழமை மாலை. திருப்பலி முடித்துத் திருவுடை களைந்துகொண்டிருந்த நம்மைத் தேடிப் பிள்ளையார்பட்டியிலிருந்து ஓர் அன்பர் வந்து நின்றார். கொத்து வேலை செய்து பிழைப்பவர். நம் பங்கைச் சேர்ந்த குடும்பத் தலைவர். அவருடைய பதினான்கு வயது மகன் டெங்குக் காய்ச்சலால் காரைக்குடியில் ஒரு மருத்துவமனையில் கிடந்தான்.

நனைந்த சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நம்மிடம் நீட்டினார். அதில் மூன்று எண்கள் மட்டுமே எழுதப்பட்டிருந்தன.

“சாமி, திங்கட்கிழமை ஒரு லட்சத்துப் பத்தாயிரம். புதன்கிழமை ஐம்பத்து நாலாயிரம். இன்றைக்கு இருபத்து மூவாயிரம். பிளேட்லெட் இறங்கிக்கொண்டே போகிறது, சாமி. ஏற்றுங்கள் என்று கேட்டால் டாக்டர் ஏற்ற மாட்டேன் என்கிறார். இரத்தம் கொடுக்கச் சொந்தக்காரர்கள் ஒன்பது பேர் வாசலில் நிற்கிறார்கள். நீங்கள் வந்து ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார்.”

ஆழம் தெரியாமல் காலை விட்டோம் என்பதை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். உடனே புறப்பட்டுச் சென்றோம். ஏழை வீட்டுப் பிள்ளை என்பதால் அசட்டை செய்கிறாரோ என்ற ஐயமும் நம் உள்ளத்தில் இருந்தது. மருத்துவரைக் கண்டதும், “பையனுக்குக் குறைந்துவிட்டது என்று தெரிந்தும் ஏன் ஏற்றவில்லை?” என்று சற்றுச் சூடாகவே கேட்டுவிட்டோம்.

அவர் வயதில் நம்மினும் இளையவர், பிள்ளையார்பட்டிப் பக்கத்துக்காரர். கோபித்துக்கொள்ளவில்லை. பையனின் கட்டிலருகே நம்மை அழைத்துச் சென்றார். காய்ச்சல் முதல் நாளே விட்டிருந்தது. ஈறிலோ மூக்கிலோ இரத்தக் கசிவு இல்லை. நாடி நன்றாக இருந்தது. சிறுநீர் தாராளமாகப் பிரிந்துகொண்டிருந்தது. பிறகு வெளியே வந்து இவ்வாறு கூறினார்:

“ஃபாதர், பிள்ளையார்பட்டியில் சதுர்த்தித் திருவிழா பத்து நாள் நடக்கும். ஒருவன் சாலையோரம் நின்று, தன் கண்ணெதிரே நடந்து போகிறவர்களை மட்டும் எண்ணுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயிலுக்குள் நிற்பவரும் விடுதியில் படுத்திருப்பவரும் அவன் கணக்கில் வருவார்களா? இரத்தப் பரிசோதனையும் அப்படித்தான். சாலையில் போகிறவர்களின் கணக்கு அது. கூட்டம் குறைவாக இருந்தால் அதற்குக் காரணம் மூன்று இருக்கலாம். ஊரிலிருந்து ஆட்கள் புறப்படவே இல்லை. புறப்பட்டு வந்தவர்கள் விடுதியிலேயே தங்கிவிட்டார்கள். அல்லது வந்தவர்கள் சீக்கிரமே போய்விட்டார்கள். எது என்று தெரியாமல், சாலையில் இன்னும் நாலு வண்டி ஆளைக் கொண்டுவந்து இறக்கினால் என்ன பயன்?”

அந்தச் சொற்கள் நம்மைச் சிந்திக்க வைத்தன. வீடு திரும்பியபின் இது குறித்துப் படிக்கவும், அறிந்தவர்களிடம் கேட்கவும் தொடங்கினோம். மழைக்காலம் வந்தால் நம் மறைமாவட்டத்தின் எத்தனையோ வீடுகளில் அந்தத் துண்டுக் காகிதமும் அந்த எண்களும் தூக்கத்தைக் கெடுக்கின்றன. ஆகவே கற்றதை நம் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதுகிறோம்.

அணுவினும் சிறிய ஊழியன்

மக்கள் ‘பிளேட்லெட்’ என்று வழங்குவதைப் பாடநூல்கள் இரத்தத் தட்டுகள் என்றும் தட்டணுக்கள் என்றும் கூறுகின்றன. குருதியில் மிதக்கும் மூவகை அணுக்களுள் மிகச் சிறியவை இவையே. குறுக்களவு இரண்டு அல்லது மூன்று மைக்ரான். ஒரு தலைமயிரின் பருமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கு. இவற்றுக்கு உட்கரு இல்லை. அதனால் இவை பெருகுவதுமில்லை; இழந்ததைப் புதிதாக ஆக்கிக்கொள்ளும் ஆற்றலும் இவற்றுக்கு மிகச் சொற்பம்.

இத்தாலி நாட்டின் டூரின் நகரில் ஆசிரியராயிருந்த பிட்சோசெரோ என்னும் மருத்துவ அறிஞர் 1882-இல் இவற்றைக் குருதியின் மூன்றாம் கூறு என்று தெளிவாக விளக்கினார். உயிருள்ள சிறு விலங்குகளின் நுண்ணிய இரத்தக் குழாய்களை நுண்ணோக்கி வழியே பார்த்திருந்தவர், குழாய்ச் சுவரில் காயம் பட்ட இடத்தில் இந்தச் சிறு தட்டுகள் முதலில் வந்து ஒட்டிக்கொள்வதைக் கண்டார். அடுத்து 1906-இல் பாஸ்டன் நகரைச் சேர்ந்த ரைட் என்பவர், இவற்றின் தாய் எலும்பு மச்சையில் வாழும் ஒரு பேரணு என்று காட்டினார். அந்தத் தாயணு தன் உடலையே நீண்ட இழைகளாக நீட்டி இரத்த ஓட்டத்தில் விட, ஓட்டத்தின் விசையில் அவ்விழைகள் துண்டுபட்டுத் தட்டணுக்களாகின்றன. ஒரு தாயணு ஆயிரக்கணக்கான பிள்ளைகளை ஈன்று தான் மறைந்துபோகிறது. தாயணுக்கள் சில நுரையீரல் வரை சென்று அங்கும் தட்டணுக்களை வெளியிடுவதை 2017-இல் எலிகளிடம் நேரிலேயே கண்டார்கள்.

நலமுள்ள ஒருவரின் குருதியில், ஒரு மைக்ரோலிட்டருக்கு, அதாவது ஒரு சொட்டின் ஏறத்தாழ ஐம்பதிலொரு பங்குக்கு, 1,50,000 முதல் 4,50,000 வரை தட்டணுக்கள் இருக்கும். வயது வந்த மனிதரின் உடல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 கோடி தட்டணுக்களைப் புதிதாக ஆக்குகிறது. நாம் உறங்கும்போதும் இவ்வேலை நிற்பதில்லை. இத்தனை கோடிப் பேரும் எங்கே போகிறார்கள்? எத்தனை நாள் வாழ்கிறார்கள்? எங்கே மடிகிறார்கள்? பிட்சோசெரோவுக்குப் பின் முக்கால் நூற்றாண்டு காலம் இக்கேள்விகளுக்குத் திட்டமான விடை கிடைக்கவில்லை.

மந்தையில் விட்ட புள்ளி ஆடு

நம் இராமநாதபுரம், சிவகங்கைச் சீமையில் கிடை போடும் கீதாரிகளை அறியாதவர் யார்? தம் ஆடு பிறர் மந்தையில் கலந்தாலும் அடையாளம் காண, அதன் மேல் சாயப் புள்ளி இட்டுவிடுவார்கள். அறிஞர்கள் செய்ததும் ஏறத்தாழ இதுவே. ஒருவருடைய இரத்தத்தைச் சிறிதளவு எடுத்து, சுழலும் கருவியில் இட்டுத் தட்டணுக்களைப் பிரித்தார்கள். அவற்றின்மேல் கதிர்வீசும் பொருள் ஒன்றைச் சிறிதளவு ஏற்றி, மீண்டும் அவருடைய உடலிலேயே செலுத்தினார்கள். பிறகு அந்தக் கதிரின் தடத்தைத் தொடர்ந்தார்கள்.

1958-இல் ஆஸ், கார்ட்னர் என்னும் இருவர் கதிர்வீசும் குரோமியத்தைக் கொண்டு தட்டணுக்களின் வாழ்நாளை அளந்து வெளியிட்டனர். குரோமியத்தில் ஒரு குறை இருந்தது. அது வெளியிடும் கதிர் சொற்பமாகையால், உடலுக்கு வெளியே கருவி வைத்து உள்ளுறுப்புகளைத் தெளிவாகப் படமெடுக்க இயலவில்லை. 1976-இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் தாக்கூர், வெல்ச் முதலிய அறிஞர்கள் இண்டியம் என்னும் உலோகத்தின் கதிர்வீசும் வகையைத் தட்டணுக்களில் ஏற்றும் முறையை வெளியிட்டனர். அதன் வீரியம் ஏறத்தாழ மூன்று நாளுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். ஆனால் அதன் கதிரைக் காமாக் கேமரா நன்கு பதிவு செய்யும். அதன்பின், மேசைமேல் படுத்திருப்பவரின் உடலில் தட்டணுக்கள் எங்கெங்கே தங்குகின்றன என்பதைப் படமாகவே பார்க்க முடிந்தது.

படம் காட்டிய முதல் செய்தி வியப்பானது. புள்ளியிட்ட தட்டணுக்களைச் செலுத்திய சிறிது நேரத்திற்குள்ளாகவே, அவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஓடும் இரத்தத்தில் காணப்படவில்லை. அவை இடப்பக்க விலா எலும்புகளின் அடியில், மண்ணீரலில் போய்த் தங்கியிருந்தன. இரண்டாவது செய்தி: ஓடும் இரத்தத்தில் இருப்பவையும் நாள்தோறும் ஏறக்குறைய ஒரே அளவாகக் குறைந்து, எட்டு முதல் பத்து நாட்களில் தீர்ந்துபோயின. இப்படி ஒரே சீராகக் குறைவதற்குப் பொருள் என்ன? தட்டணுக்களிற் பெரும்பாலானவை விபத்தால் மடியவில்லை. வயது முதிர்ந்தே மடிகின்றன. ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய பத்து நாள் ஊழியம் என்று விதித்திருக்கிறான் படைத்தவன்.

அந்தக் கெடு எங்கே எழுதப்பட்டுள்ளது என்பதையும் கண்டிருக்கிறார்கள். தட்டணு பிறக்கும்போதே அதனைக் காக்கும் ஒரு புரதமும் அழிக்கும் ஒரு புரதமும் அதனுள் வைக்கப்படுகின்றன. காக்கும் புரதம் நாளடைவில் தேய்ந்துவிட, அழிக்கும் புரதம் கை ஓங்குகிறது. 2007-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர ஆய்வாளர்கள் இதனை வெளியிட்டார்கள். எண்ணெய் அளந்து ஊற்றிய அகல் விளக்கு எண்ணெய் தீர்ந்ததும் அணைவதைப் போன்றது இது.

மண்ணீரல் என்னும் விடுதி

மருத்துவர் சொன்ன விடுதி மண்ணீரல்தான். அங்கே தட்டணுக்கள் சிறைப்பட்டுக் கிடப்பதில்லை. ஒன்று சில நிமிடங்கள் தங்கிப் புறப்பட, மற்றொன்று அவ்விடத்தில் வந்து அமரும். எந்நேரமும் மூன்றில் ஒரு பங்கு அங்கே இருக்கும். ஓடிக் களைத்தவருக்கும் அச்சத்தால் அதிர்ந்தவருக்கும் மண்ணீரல் சுருங்கி, தங்கியிருந்தவற்றைச் சாலைக்கு அனுப்பிவிடும். அப்போது இரத்தப் பரிசோதனையில் எண்ணிக்கை சற்று உயர்ந்து காணும்.

மண்ணீரல் வீங்கிப் பெருத்தால் என்னவாகும்? நாட்பட்ட மலேரியாவாலும், கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையில் அடைப்பு நேர்வதாலும் இப்படி வீங்குவது நம் நாட்டில் அரிதன்று. அப்போது விடுதி அரண்மனையாகிவிடுகிறது. உடலிலுள்ள தட்டணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூறு வரை அங்கேயே தங்கிவிடக்கூடும் என்று 1966-இல் ஆஸ்டர் என்பவர் காட்டினார். பரிசோதனைத் தாளில் எண் தாழ்ந்திருக்கும். ஆனால் தட்டணுக்கள் அழிந்துபோகவில்லை, விடுதிக்குள் இருக்கின்றன.

மற்றொரு நோயில் கதை வேறு. நோயை எதிர்க்க வேண்டிய உடலின் காவற்படை, வேலியே பயிரை மேய்ந்தாற்போல, சொந்தத் தட்டணுக்களையே பகைவர் என்று குறித்துவிடும். குறிக்கப்பட்டவற்றை மண்ணீரல் விழுங்கிவிடும். 1916-இல் பிராகா நகரில் மருத்துவ மாணவராயிருந்த காஸ்னெல்சன் என்னும் இளைஞர், இவ்வகை நோயுற்ற பெண் ஒருவருக்கு மண்ணீரலை அகற்றிப் பார்க்கலாம் என்று தம் பேராசிரியரை இணங்கச் செய்தார். அகற்றியதும் எண்ணிக்கை விரைந்து உயர்ந்தது.

அந்தப் பெண்ணின் தட்டணுக்களை எதிர்த்தது எது? 1950-இல் அதே செயின்ட் லூயிஸ் நகரில் ஹாரிங்டன் என்ற இளம் மருத்துவர், இந்நோயுற்ற ஒரு பெண்மணியின் இரத்தத்தைத் தம் உடலிலேயே ஏற்றிக்கொண்டார். சில மணி நேரத்தில் அவருடைய தட்டணுக்கள் அடியோடு சரிந்தன, வலிப்பும் கண்டது. சில நாட்களில் தேறினார். நோய்க்குக் காரணமானது இரத்த நீரிலேயே ஓடுகிறது என்பது அதனால் விளங்கிற்று. பிறரை ஆபத்திற்கு உட்படுத்தாமல் தம்மையே உட்படுத்திக்கொண்ட அந்த மனிதரின் துணிவை நினைக்குந்தோறும் நம் உள்ளம் பணிகிறது, அச்சமும் கொள்கிறது. இன்று இந்நோய்க்கு மருந்துகள் பல உண்டு. மண்ணீரலை அகற்றுவது பிந்திய வழியாகிவிட்டது. அகற்றலாமா என்று எண்ணும்போது, சில நாடுகளின் மருத்துவர்கள் இண்டியம் ஏற்றிய தட்டணுக்களைச் செலுத்தி, அவை மடியும் இடம் மண்ணீரலா கல்லீரலா என்று முதலில் பார்த்திருக்கிறார்கள். மண்ணீரலே இடம் என்று தெரிந்தால், அகற்றுவதால் பயன் கிட்ட வாய்ப்பு மிகுதி.

மடியும்போதும் ஒரு பணி

வயது முதிர்ந்த தட்டணுக்களை இறுதியில் ஏற்றுக்கொள்பவை மண்ணீரலும் கல்லீரலும். சிறிதளவு எலும்பு மச்சையும். முதியதை இளையதிலிருந்து கல்லீரல் எவ்வாறு பிரித்தறிகிறது? இளந்தட்டணுவின் மேற்புறத்தில் சர்க்கரைச் சங்கிலிகள் உண்டு. அவற்றின் நுனியை ஒருவகை அமிலம் மூடியிருக்கும். நாளாக நாளாக அந்த மூடி உதிர்ந்துவிடும். மூடியற்ற நுனியைக் கல்லீரல் அணுக்கள் கண்டுகொண்டு அதனை உள்வாங்குகின்றன.

இதனினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. தட்டணுக்களை உண்டாக்கும்படி எலும்பு மச்சையைத் தூண்டும் பொருளை 1994-இல் அறிஞர்கள் தனித்துப் பிரித்தெடுத்தனர். அதனைப் பெரும்பாலும் சுரப்பது கல்லீரலே. முதிய தட்டணுக்களை உள்வாங்கும்போதே கல்லீரல் அந்தத் தூண்டுபொருளைக் கூடுதலாகச் சுரக்கிறது என்று 2015-இல் எலிகளிடம் செய்த ஆய்வு காட்டிற்று. பணி முடித்துப் போகின்றவன் போகும் வழியிலேயே அடுத்தவனுக்கு ஆளனுப்பிவிட்டுப் போகிறான்! கோதுமை மணி மண்ணில் விழுந்து மடிவது பற்றி நம் ஆண்டவர் கூறியதை அடிக்கடி வாசித்தும் பிரசங்கித்தும் இருக்கிறோம். அந்த உண்மை நம் விலா எலும்புக்குக் கீழேயும் நாள்தோறும் நிகழ்கிறது என்பதை அறியும்போது இறைவனைப் போற்றாதிருக்க முடியவில்லை.

காயம் படாத நாளில் இவற்றுக்கு வேலை இல்லையோ என்று கேட்கலாம். 1985-இல் ஹான்சன், ஸ்லிக்டர் என்னும் இருவர் இதனையும் அளந்தார்கள். வெளியே காயம் ஏதுமில்லாதபோதும், இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் பழுதின்றிக் காப்பதற்கே, ஒரு மைக்ரோலிட்டருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 7,000 தட்டணுக்கள் செலவாகின்றன என்பது அவர்கள் கண்ட கணக்கு. பெருங்காயத்தை அடைப்பது ஊரறிந்த பணி. இது எவரும் அறியாத பணி. எண்ணிக்கை மிக மிகத் தாழும்போது தானே இரத்தம் கசிவது இப்பணி நின்றுபோவதனாலேயே.

டெங்கு வந்த வீட்டில்

இனி அந்தத் துண்டுக் காகிதத்திற்கு வருவோம். டெங்குக் காய்ச்சலில் இரண்டு வகையால் எண் குறைகிறது. வைரஸ் எலும்பு மச்சையின் வேலையைச் சில நாள் தடுத்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருக்கும் தட்டணுக்களும் கெடுவுக்கு முன்னரே அழிகின்றன. ஊரிலிருந்து ஆள் புறப்படவும் இல்லை. வந்தவர் தங்கவும் இல்லை. காய்ச்சல் தணிந்தபின் மச்சை விழித்துக்கொள்ள, எண் பெரும்பாலும் தானே ஏறத் தொடங்கும்.

அதுவரை வெளியிலிருந்து ஏற்றிக் காப்பதில் பயன் உண்டா? அழிக்கும் காரணம் உடலில் இருக்கும்வரை, ஏற்றியவையும் விரைவில் அழிந்துபோகும். சிங்கப்பூர், மலேசியா ஆகிய இரு நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில், தட்டணுக்கள் 20,000-உம் அதற்குக் கீழும் இருந்து, பெரிய இரத்தக் கசிவு இல்லாத 372 வயது வந்த டெங்கு நோயாளர்களை இரு பிரிவாக்கி ஆராய்ந்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். முன்னெச்சரிக்கையாகத் தட்டணுக்கள் ஏற்றப்பட்டவர்களுக்கு இரத்தக் கசிவு குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. மாறாக, ஏற்றியதால் வந்த ஒவ்வாமை முதலிய தொல்லைகளே மிகுந்தன.

டெங்குவில் உயிர் போவதற்குப் பெரிதும் காரணமாவது வேறொன்று. நுண்குழாய்களின் சுவர் தளர்ந்து, இரத்த நீர் வெளியே கசிந்துவிடுகிறது. உள்ளே இரத்தம் கெட்டியாகி, அழுத்தம் வீழ்ந்து, நோயாளி தளர்கிறார். கொடிய செய்தி என்னவெனில், இது பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும் வேளையிலேயே நேர்கிறது. ‘காய்ச்சல் விட்டது, பிழைத்தான்’ என்று வீட்டார் நிம்மதியடையும் அந்த இரண்டொரு நாளே கண் இமைக்காமல் பார்த்திருக்க வேண்டிய நாள்.

ஆகவே தாய்மார்களுக்கு நாம் கூறுவது இது. எண்ணை மட்டும் பார்த்திருக்க வேண்டாம், பிள்ளையைப் பாருங்கள். கடும் வயிற்று வலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ கசிவு, கறுத்த மலம், மயக்கம் அல்லது நிலைகொள்ளாத தவிப்பு, மூச்சு வாங்குதல், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நள்ளிரவாயினும் மருத்துவமனைக்கு விரையுங்கள். கஞ்சி, இளநீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் முதலியவற்றை அடிக்கடி சிறிது சிறிதாகக் கொடுங்கள். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் மட்டுமே, அதுவும் மருத்துவர் சொன்ன அளவில். ஆஸ்பிரின், புரூஃபென் போன்ற வலி மாத்திரைகளைத் தொடாதீர்கள். ஆஸ்பிரின் தட்டணுவின் கையைக் கட்டிவிடும். உட்கரு இல்லாத அந்த ஏழை தன் ஆயுள் முடியும்வரை அக்கட்டை அவிழ்த்துக்கொள்ள இயலாது. பப்பாளி இலைச் சாறு கொடுத்துவிட்டோம் என்று எண்ணி மருத்துவமனைக்குப் போகாமலோ, நீராகாரம் கொடுக்காமலோ இருந்துவிடாதீர்கள்.

எண் மட்டுமே முழு உண்மை அன்று என்பதற்கு நம் மாநிலத்திலேயே ஒரு சான்று உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் ஆய்வாளர்கள், மேற்கு வங்கத்திலிருந்து அங்கு வந்து இரத்தம் கொடுத்தவர்களுள் பலருக்குத் தட்டணுக்கள் எண்ணிக்கையில் குறைந்தும் உருவில் பெரியனவாகவும் இருப்பதைக் கண்டு 2002-இல் வெளியிட்டார்கள். அவர்கள் நோயாளிகள் அல்லர். கசிவு ஏதுமில்லாத நலமுடைய மக்கள். ஆளின் தொகை குறைந்தாலும் ஆளின் பருமன் ஈடு செய்கிறது போலும்.

அந்தப் பையனுக்கு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அன்றிரவு முழுவதும் மருத்துவர் இரத்தத்தின் கெட்டித் தன்மையை அளந்து அளந்து, அதற்கேற்ப உப்பு நீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். சனிக்கிழமை 21,000. ஞாயிற்றுக்கிழமை திருப்பலியில் மக்கள் எல்லாரும் அவனுக்காக மன்றாடினோம். திங்கட்கிழமை 48,000. வியாழக்கிழமை அவன் வீடு திரும்பினான். ஒரு துளி தட்டணுவும் ஏற்றப்படவில்லை. நாம் மீண்டும் சென்று மருத்துவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டோம்.

ஐந்தே நாள் நிற்கும் கொடை

அப்படியானால் இரத்தம் கொடுக்க வந்து வாசலில் நின்ற ஒன்பது பேரின் அன்பு வீணோ? அல்லவே அல்ல. அவர்கள் நின்ற இடம் மட்டுமே சரியில்லை. டெங்குவிலும் பெருங்கசிவு கண்டவருக்குத் தட்டணுக்கள் தேவைப்படலாம். இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து பெறும் குழந்தைக்கு அவை உயிர். அங்கே எலும்பு மச்சை வாரக்கணக்கில் ஓய்ந்து கிடக்கிறது. ஏற்றினால் பெரும்பாலும் நின்று பணி செய்யும். எனவே அக்குழந்தைக்கு ஓரிரு முறை போதாது. மீண்டும் மீண்டும் வேண்டும்.

இங்கேதான் நாம் அறிய வேண்டிய ஒரு சிக்கல் இருக்கிறது. சிவப்பணுக்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்து வாரக்கணக்கில் காக்கலாம். தட்டணுக்களைக் குளிர்ப்பெட்டியில் வைத்தால் கெட்டுவிடும். புள்ளியிட்டுத் தடம் தொடரும் அதே முறையால், குளிரவைத்த தட்டணுக்கள் உடலில் ஏற்றியபின் விரைவில் மறைந்துவிடுவதையும், அறை வெப்பத்தில் வைத்தவை நெடிது வாழ்வதையும் 1969-இல் மர்ஃபி, கார்ட்னர் இருவரும் காட்டினார்கள். குளிர் பட்ட தட்டணுவின் மேற்புறம் மாறிவிட, கல்லீரல் அதனை முதியது என்றே எண்ணி எடுத்துவிடுகிறது. ஆதலால் இரத்த வங்கிகளில் 20 முதல் 24 பாகை வெப்பத்தில், ஓயாமல் தொட்டில்போல் ஆட்டிக்கொண்டே இவற்றை வைக்கிறார்கள். அப்படியும் வழக்கமாக ஐந்து நாட்களே வைப்பார்கள். திங்கட்கிழமை ஒருவர் அளித்த கொடை அடுத்த வாரத்துக்கு உதவாது. பெருவிழா நாளில் நூறு பேர் ஒருங்கே கொடுத்துவிட்டு ஆண்டு முழுவதும் மறந்திருப்பதால் அந்தக் குழந்தைக்குப் பயன் சொற்பமே. வாரந்தோறும் ஓரிருவர் வேண்டும்.

நம் நாட்டு விதிப்படி 18 வயது நிறைந்து 65-க்கு உட்பட்ட, 45 கிலோவுக்குக் குறையாத எடையும், 12.5 கிராமுக்குக் குறையாத ஹீமோகுளோபினும் உள்ள நலமுடையோர் இரத்தம் கொடுக்கலாம். ஆண்கள் 90 நாட்களுக்கு ஒருமுறை. பெண்கள் 120 நாட்களுக்கு ஒருமுறை. ஒருவர் அளிக்கும் 350 மில்லி இரத்தத்திலிருந்து சிவப்பணு ஒருவருக்கும், இரத்த நீர் மற்றொருவருக்கும், தட்டணு வேறொருவருக்கும் போகலாம். தட்டணுவை மட்டும் கருவியால் பிரித்தெடுத்து, எஞ்சிய இரத்தத்தைக் கொடுத்தவருக்கே திருப்பிச் செலுத்தும் முறையும் உண்டு. கொடுத்த தட்டணுக்களைச் சில நாட்களில் மச்சை ஈடு செய்துவிடும். அவை கொடுக்காவிட்டாலும் பத்து நாளில் மடியப்போகிறவையே!

நம் பங்கில் இப்போது இளைஞர் மன்றத்தார் ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறார்கள். அதில் பெயர், இரத்த வகை, கடைசியாகக் கொடுத்த நாள் மட்டுமே எழுதப்படுகின்றன. அழைப்பு வந்தால் எல்லாரும் ஓடுவதில்லை. முறை வந்தவர் போகிறார். முதற்பெயர் அந்தக் கொத்தனாருடையது. இரண்டாம் பெயர், அவரோடு அன்று வாசலில் நின்ற அவருடைய மைத்துனருடையது. அவர் நம் சமயத்தவர் அல்லர். பிள்ளையார் கோயிலுக்கு விரதம் இருப்பவர். எந்தச் சாதியார் இரத்தம், எந்தச் சமயத்தார் இரத்தம் என்று மண்ணீரலும் கேட்பதில்லை, கல்லீரலும் கேட்பதில்லை.

மற்றொரு வேலையும் நம் கையில் உண்டு. டெங்குக் கொசு சாக்கடையில் அன்று, நன்னீரில் முட்டையிடுவது. செட்டிநாட்டு வீடுகளின் முற்றத்தில் மழைநீர் பிடிக்கும் அண்டாவும், பூட்டிக் கிடக்கும் வளவுகளில் தேங்கும் நீரும், கொத்து வேலை நடக்கும் இடத்தின் தொட்டியும் அதற்குத் தொட்டில். வாரம் ஒருமுறை கவிழ்த்துத் தேய்த்துக் காயவைத்தால் முட்டையும் புழுவும் ஒழியும். சனிக்கிழமைதோறும் மறைக்கல்வி முடிந்ததும் நம் பிள்ளைகள் வீதி வீதியாகச் சென்று இதனைச் செய்கிறார்கள்.

அன்பர்களே, நம் மறைமாவட்டத்தின் ஓரியூர் மண்ணை நாம் அறிவோம். 1693-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் அங்கே தலை வெட்டுண்டு குருதி சிந்தினார். அக்குருதியால் சிவந்தது என்று மக்கள் போற்றும் அந்த மணலை நெற்றியில் இட்டுக்கொள்கிறோம். நோயாளிகளின் தலைமாட்டில் வைக்கிறோம். அந்த அளவு கொடை எல்லாரிடமும் கேட்கப்படுவதில்லை. நம்மிடம் கேட்கப்படுவது 350 மில்லி இரத்தமும் அரைமணி நேரமும் மட்டுமே. பவுலடியார் திருச்சபையை ஓர் உடல் என்று கொரிந்தியருக்கு எழுதியபோது, வலுக்குறைந்தவையாகத் தோன்றும் உறுப்புகளே மிகவும் தேவையானவை என்பதை நினைவூட்டினார். உட்கருவும் இல்லாத, பத்து நாளே வாழும் ஒரு சிறு தட்டு அவ்வுண்மைக்குச் சாட்சி நிற்கிறது. அது சாலையில் நடக்கும்போதும் விடுதியில் காத்திருக்கும்போதும் மடியும்போதும் பிறருக்காகவே இருக்கிறது. நமக்கு அளிக்கப்பட்ட நாட்களும் அவ்வாறே அமைய மன்றாடுவோம்.

அந்தத் துண்டுக் காகிதம் இன்றும் நம் செபப் புத்தகத்தினுள் இருக்கிறது. அதன் பின்புறத்தில் பையனின் தந்தை பின்னொரு நாள் நான்காவதாக ஒன்றை எழுதிக் கொடுத்தார். அது அவருடைய இரத்த வகை.